சோற்றின் மேல் பழி போடாதே, தங்கச்சி

ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்து, குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில்தான் தஞ்சாவூர்ப் பக்கம் கல்லூரிச் சேர்க்கையும் நடக்கும். பல வீடுகளில் அப்போது இன்னொன்றும் தொடங்கும்: பிளஸ் டூ முடித்த பெண்ணின் ‘டயட்’. காலையில் காபி மட்டும். ஒரத்தநாட்டிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ பஸ் பிடித்து வந்து, மதியம் டிபன் பாக்ஸைப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவாள். நாலு மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஜ்ஜி. அந்த பஜ்ஜிக்காக ராத்திரி அழுகை, மறுநாள் காபியும் கிடையாது. வீட்டுத் திண்ணையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும். “சோறு வேணாம்மா, சோறுதான் குண்டாக்குது” என்பாள்.

உன் கதையும் இதுதான் என்றால் கொஞ்சம் உட்கார். அக்கா சொல்வதில் உனக்கு ஒத்து வருவதை எடுத்துக்கொள், மற்றதை விடு. ஒன்றை மட்டும் விடாதே: உன் உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டை வெட்டாதே. சொன்னவர் வீட்டுக்குப் போய் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். பட்டினி கிடப்பது நீதான்.

சொல்கிறவர்களுக்கு என்ன பதில்?

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் “நல்லா இருக்கியா?” என்று கேட்பதற்கு முன்பே எடை வந்துவிடும். “என்னடி, சதை போட்டுட்ட?” “ஏன் இப்படி ஈர்க்குச்சியா இருக்க, உங்கம்மா சோறு போடலையா?” ஒரே பெண்ணை ஒரே பந்தியில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. அதனால் அந்தப் பேச்சை அளவுகோலாக எடுத்துக்கொள்ளவே முடியாது என்பது முதல் டிப்ஸ்.

எல்லோரிடமும் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஆளுக்கேற்ற பதில் வைத்துக்கொள். அப்பாயி “இளைச்சுட்டியே” என்றால் அது பாசம். “நீ ஊட்டி விடு அப்பாயி” என்று சொல்லிவிட்டுப் போ. அத்தை, சித்தி வகையறா சபை நடுவில் ஆரம்பித்தால், “எடையெல்லாம் டாக்டர் பார்த்துக்குவாங்க அத்தை, உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?” என்று கேள். முழங்கால் வலி அரை மணி நேரம் ஓடும், நீ நழுவிவிடலாம். கூடப் படிக்கிறவனோ மாமா பையனோ “குண்டம்மா”, “புளிமூட்டை” என்றால் மட்டும் நீயும் சேர்ந்து சிரிக்காதே. சிரித்தால் அந்தப் பெயர் உனக்கு நிலைத்துவிடும். “அப்படிக் கூப்பிடாத, எனக்குப் பேர் இருக்கு” என்று ஒரே தடவை, முகத்தில் சிரிப்பில்லாமல் சொல். கோபம்கூட வேண்டாம். “வரன் பார்க்கும்போது கஷ்டமாச்சே” என்று வருகிற பேச்சுக்கு நீ வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அது அம்மா பதில் சொல்ல வேண்டியது. “அடுத்த தடவை நீ சொல்லும்மா” என்று வீட்டிலேயே முன்கூட்டிப் பேசி வை.

2025 நவம்பரில் சென்னையில் ‘அதர்ஸ்’ படத்தின் செய்தியாளர் சந்திப்பில் நடந்ததை நீயும் ரீல்ஸில் பார்த்திருப்பாய். ‘96’ படத்தில் பள்ளிக்கூட ஜானுவாக வந்த கௌரி கிஷன்தான் கதாநாயகி. அவரைத் தூக்கி நடித்த கதாநாயகனிடம், அந்தப் பெண் என்ன எடை இருப்பார் என்று ஒரு யூடியூபர் கேட்டிருந்தார். கௌரி அதை விடவில்லை. என் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு கதாநாயகனிடம் இதைக் கேட்பீர்களா என்று நேருக்கு நேராகவே கேட்டார். எதிரில் ஆண் குரல்கள் உயர்ந்தன. பிறகு நடிகர் சங்கம் கண்டித்தது, அந்த யூடியூபரும் வருத்தம் தெரிவித்தார். எல்லோரும் கௌரியின் தைரியத்தைப் பாராட்டினார்கள், சரிதான். என் கண் போனது மேடையில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் மேல். அந்த நேரத்தில் அவர்கள் வாயிலிருந்து உருப்படியாக ஒரு வார்த்தை வரவில்லை. உன் வகுப்பில் ஒருத்தியை இப்படிச் சொல்லும்போது பக்கத்தில் இருப்பது நீயாக இருந்தால், “அது எதுக்கு இப்போ?” என்று கேட்டுவிடு. மூன்று சொல்தான். தனியாக நின்று பேசுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

களி கிண்டிய வீடு

நீ வயதுக்கு வந்தபோது வீட்டில் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி, நாட்டுக்கோழி முட்டை. “இடுப்பு பலக்கணும், சாப்பிடு” என்று வாயில் திணித்தார்கள். அந்த உளுந்தும் நம் வயலில் விளைந்ததாகவே இருந்திருக்கும். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தோடு தெளித்துவிட்ட உளுந்து. நாலு வருஷம் கழித்து அதே வீடு, “இடுப்பு பெருத்துப்போச்சு, ராத்திரி சாப்பாட்டைக் குறை” என்கிறது. பலக்கச் சொன்ன இடுப்புதான் இது!

பதின்வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இடுப்பு, தொடை, மார்பு என்று இடம் பார்த்துக் கொழுப்பைச் சேர்க்கும். இடுப்பெலும்பும் அகலும். மாதவிடாய் ஒழுங்காக வருவதற்கு அந்தக் கொழுப்பு வேண்டும். எட்டாம் வகுப்பு யூனிபார்ம் பிளஸ் டூவில் நுழையவில்லை என்றால் உடம்பு தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே அர்த்தம்.

சாப்பாட்டை வெட்டினால் என்ன ஆகும் என்பதை நெல் போட்ட வீட்டுப் பெண்ணுக்குச் சுலபமாகச் சொல்லலாம். பூக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாத பயிர் பச்சையாகத்தான் நிற்கும், கதிரைத் தடவினால் பதர். உடம்பும் முதலில் மாதவிடாயைத்தான் நிறுத்தும். இதயத்துக்கும் மூளைக்கும் மட்டும் இருப்பதைக் கொடுத்துக்கொண்டு, சினைப்பைக்குப் போகும் உத்தரவை மூளை நிறுத்திவைக்கும். பார்வைக்கு நீ ‘ஃபிட்’டாக இருப்பாய். எலும்பு சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துவைக்க வேண்டிய வயதில் அது கரைந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதற்கு எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

எடை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நாளில் காலைக்கும் இரவுக்கும் ஒரு கிலோ மாறும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் சேர்ந்து இன்னும் கொஞ்சம் ஏறும். தினமும் ஏறி நிற்பவளுக்கு அது காட்டுவது குடித்த தண்ணீரைத்தான். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் நெட்டில் கிடைக்கும் பெரியவர்களின் பிஎம்ஐ கணக்கும் உனக்குப் பொருந்தாது. வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக இருக்கிறது, அதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டிய எடையும் உண்டு. மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவது, தாடையில் முடி, கழுத்தில் கருமை, அடங்காத பரு, இவற்றோடு எடை ஏறினால் பிசிஓஎஸ் இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தால் தெரிந்துவிடும். நீயே பெயர் வைத்துக்கொண்டு பட்டினி போடாதே. சோம்பேறித்தனத்தால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே, அது ஹார்மோன் விஷயம்.

சோறு என்ன பாவம் செய்தது?

இந்த இடத்தில் அக்கா கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் நம்முடையது. நம் பிள்ளைகள் சோற்றைப் பார்த்துப் பயப்படுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

“சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுறேன்” என்பதில் இருந்து ஆரம்பிப்போம். நூறு கிராம் அரிசிக்கும் நூறு கிராம் கோதுமை மாவுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், உண்மை. அந்த மூன்று சப்பாத்திக்கு மேல் எண்ணெய் தடவி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வைத்தால் கணக்கு எங்கே போகும்? சப்பாத்தி பிடித்தால் சாப்பிடு. சோற்றுக்குத் தண்டனையாகச் சாப்பிடாதே.

அடுத்தது கருப்பு கவுனி. இன்ஸ்டாகிராமில் ‘வெயிட் லாஸ் ரைஸ்’ என்று விற்கிறார்கள், சாதாரண அரிசியைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. நார்ச்சத்து உண்டு, மெதுவாகச் செரிக்கும், பாயசம் வைத்தால் அபார ருசி. அதில் கலோரி இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே, கிட்டத்தட்ட அதே அளவுதான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் காட்டுயானத்தையும் மீட்டு விவசாயிகள் கையில் கொடுத்த நெல் ஜெயராமன் 2018-ல் இறந்துபோனார். வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் விதைகள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக அவர் ஊர் ஊராக அலைந்தார். அந்த நெல்லை இடுப்பைச் சுருக்கும் மருந்தாக்கிப் பாக்கெட் போட்டதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் தட்டில் சோறு மலையாகவும் மற்றதெல்லாம் ஊறுகாய் அளவிலும் இருக்கிறது. மூன்று தடவை சோறு, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும், ஒரு கரண்டி பொரியல். அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்குச் சர்க்கரை என்றால் உனக்கும் கவலை இருக்கலாம், நியாயம்தான். அதற்குத் தட்டைக் காலி செய்ய வேண்டாம், பக்கத்தில் இருப்பதைக் கூட்டு. பருப்பைக் கெட்டியாக வைக்கச் சொல். பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ ஒரு கிண்ணம் சுண்டல். முட்டை சாப்பிடுகிற வீடு என்றால் தினம் ஒரு முட்டை. மத்தியும் கெண்டையும் விலை மலிவாகக் கிடைக்கிற ஊரில் புரோட்டீன் பவுடர் எதற்கு? முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது. வாழைத்தண்டு, வாழைப்பூ ஆய்வதற்கு அம்மா சலித்துக்கொண்டால் நீ உட்கார்ந்து ஆய்ந்து கொடு. இவையெல்லாம் தட்டில் வந்தால் சோறு தானாக அளவுக்கு வரும், நீ எண்ண வேண்டியதில்லை.

காலைச் சாப்பாட்டை விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஏழு மணி பஸ்ஸுக்கு இட்லி ஊற்ற நேரமில்லையா? பழைய சோற்றில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்ப அதிக நேரம் ஆகாது. கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மாலை பஜ்ஜிக்கு அலைவதும் பாதி குறையும். மீதிப் பாதிக்கு பஜ்ஜியையே சாப்பிடு, அழாமல் சாப்பிடு.

இன்னொன்று, “குண்டா இருக்கறதாலதான் மாடி ஏறினா மூச்சு வாங்குது” என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-ன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். உனக்கு மூச்சு வாங்குவது அதனாலும் இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள். பள்ளியில் வாரம் ஒரு தடவை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பெஞ்சுக்கு அடியில் போடாதே. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. கும்பகோணத்துக்காரிகளுக்கு இது கஷ்டம்தான். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலும் நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலும் நன்றாகச் சேரும்.

உடம்பை அசைப்பது வேறு கதை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்தால் துடைத்து எடு. ஆற்றங்கரைப் பக்கம் சாயங்காலம் தோழியோடு ஓட்டு. சாப்பிட்டதற்குப் பரிகாரமாக ஓட்டாதே. காற்றுக்காக ஓட்டு.

போனில் வருகிற வைத்தியம்

2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி, வெங்காரம் சாப்பிட்டால் கொழுப்பு கரையும் என்று யூடியூபில் பார்த்தாள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டாள். வாந்தியும் பேதியுமாகி இறந்துபோனாள். வெங்காரம் என்பது போராக்ஸ், உள்ளுக்குச் சாப்பிடும் பொருளே கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதாலேயே ஒன்று ‘இயற்கை’, அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. தஞ்சாவூரிலும் அந்தக் கடைகள் இருக்கின்றன, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய வருஷம் மார்ச்சில் கேரளத்துக் கண்ணூர்ப் பக்கம் 18 வயதுப் பெண். யூடியூப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தண்ணீரில் ஓட்டினாள். வீட்டில் கொடுத்ததை ஒளித்துவைத்தாள் என்று உறவினர்கள் சொன்னார்கள். மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. இப்படிச் சாப்பாட்டை ஒதுக்கவைக்கும் அனோரெக்ஸியா என்பது பிடிவாதமோ ஸ்டைலோ கிடையாது. மன நோய்களிலேயே அதிகமாக உயிரைக் குடிக்கிற நோய்களில் ஒன்று அது.

அதனால் போனுக்குச் சில கட்டுப்பாடுகள். சொல்கிறவர் எதையாவது விற்கிறாரா என்று முதலில் பார். பொடி, டீ, பெல்ட், ‘கோர்ஸ்’ எதுவாக இருந்தாலும் நகர்ந்துவிடு. “ஏழு நாளில் ஐந்து கிலோ” என்றால் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்த மாவுச்சத்தைச் செலவழிக்கும்போது அதோடு ஒட்டியிருந்த நீரும் போகும், இரண்டு நாள் சாப்பிட்டால் திரும்பிவிடும். அந்த வகை வீடியோ வந்தால் ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்து. திட்டுவதற்காக முழுதும் பார்த்தாலும் உனக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் அது கணக்கு வைக்கும்.

ஃபில்டர் போட்ட முகங்களைப் பார்த்து ஏங்குகிறவளை சுவாமிமலைக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே ஸ்தபதி ஒரு தென்னை ஓலையைச் சாஸ்திர அளவுப்படி மடித்துக் குறித்துக்கொண்டு, அதை வைத்துத்தான் மெழுகில் அம்மனின் இடுப்பையும் தோளையும் பிடிக்கிறார். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நீ வியந்து பார்க்கிற சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இலக்கணம் வைத்து வடித்தவை, எந்தப் பெண்ணையும் நிற்கவைத்து அளந்து செய்தவையாக இருக்காது. “சிலை மாதிரி இருக்கணும்” என்று பரதநாட்டிய வகுப்பிலோ கல்யாணப் பேச்சிலோ யாராவது சொன்னால், சிலைக்குப் பசிக்காது என்று சொல்லிவிட்டு வா.

தோழி ஒருத்தி சாப்பிடுவதில்லை என்றால்

கண்ணில் படும் அடையாளங்கள் இவை: மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் காணாமல் போவாள். சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்பாள். தொளதொளவென்று உடுத்துவாள். மாதவிடாய் நின்றிருக்கும். அடிக்கடி மயக்கம். எலும்பு தெரிந்தும், “இன்னும் குண்டாத்தான் இருக்கேன்” என்பாள்.

இவளிடம் “வாவ், இளைச்சுட்ட, எப்படிடி?” என்று மட்டும் கேட்டுவிடாதே. உடம்பைப் பற்றியே பேச வேண்டாம். “கொஞ்ச நாளா டல்லா இருக்க, என்ன?” என்று தொடங்கு. பல வாரம் பட்டினி கிடந்தவளை உட்காரவைத்து வயிறு முட்ட ஊட்டாதே. நெடும்பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகி இதயத்தையே பாதிக்கும். மருத்துவமனையில் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால் அன்றைக்கே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. “யார்கிட்டயும் சொல்லாத” என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் அவள் வீட்டிலோ நம்பிக்கையான டீச்சரிடமோ சொல்லிவிடு. கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். நீ உனக்காகவும் அழைக்கலாம்.

அம்மாக்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: கண்ணாடி முன் நின்று உங்கள் வயிற்றைக் கிள்ளிப் பார்த்து, நீங்களே உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பின்னால் பெண் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

கடைசியாக, தீபாவளித் துணி. சுடிதாரோ பிளவுஸோ தைக்கக் கொடுக்கும்போது, உள்ளே துணி விட்டு இரண்டு தையல் போடச் சொல். போன வருஷத்தது இறுக்கிப் பிடித்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள். “இளைச்ச பிறகு போட்டுக்கலாம்” என்று சின்னதாக வாங்கிப் பீரோவில் தொங்கவிட்ட டிரெஸ் இருந்தால், அது அளவாக இருக்கிற தங்கைக்கோ சித்தி பெண்ணுக்கோ இந்த வாரமே கொடுத்துவிடு. உன் அளவுக்கு ஒன்று எடு, உனக்குப் பிடித்த நிறத்தில்.